சனிக்கிழமை பார்க்கலாம்

ஜூரோங் வெஸ்ட்
1 செப்டம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள சுஷ்மிதா,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, நம் மகளுக்கு நீல நிறத் தண்ணீர் போத்தல் வாங்குவது என்று நேற்று மாலை முடிவு செய்யப்பட்டது. ஆலோசனையில் நான், என் அண்ணன் தனசேகரன், அண்ணி, கடைக்காரர், கடைசியாக மிருதுளா ஆகியோர் கலந்துகொண்டோம். உறிஞ்சுகுழல் வைத்த ஊதா, திருகு மூடி போட்ட மஞ்சள், பொத்தானை அழுத்தினால் திறக்கும் நீலம் ஆகிய மூன்றும் பரிசீலிக்கப்பட்டன. குழலில் பூஞ்சை பிடிக்கும். திருகு மூடியை நாலு வயதுக் கையால் திறக்க முடியாது. திறந்தால் மூட முடியாது. ஆகவே நீலம். பாலர் பள்ளி தொடங்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, எந்தப் பள்ளி என்றும் தெரியவில்லை. ஆனாலும் ஒரு விஷயமாவது தீர்ந்ததே என்று நிம்மதியாக இருக்கிறது.

கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவன் வேறு எப்படி எழுதுவான் என்று நீ சொல்வாய். எழுதச் சொன்னது நம் குடும்பநல ஆலோசகர் அப்துல் ஹமீது. "நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறது முழுக்க இங்கிலீஷ்ல. வாட்ஸப்லயும் இங்கிலீஷ். பிள்ளை விஷயத்தை மட்டும் தமிழ்ல, கையால எழுதுங்க லா. மெதுவாதான் வரும். வர்றதுக்குள்ள பாதி கோபம் போயிடும்" என்றார் அல்லவா? அவர் சொன்னது சரி. மேலே உள்ள பத்திக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கடிதத்தை மிருதுளாவின் பையில் வைக்கிறேன். இன்று மாலை லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் அவளை உன்னிடம் விடும்போது அதுவும் சேர்ந்து வரும்.

பள்ளிக்கு வருகிறேன். நம் முன் மூன்று இருக்கின்றன. நம் வீட்டுக்கு, அதாவது செங்காங்கில் நீங்கள் இருவரும் இருக்கும் வீட்டுக்கு, எதிர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒன்று. இங்கே ஜூரோங்கில் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒன்று. இரண்டுக்கும் நடுவில், லிட்டில் இந்தியாவில் கடைவீட்டு மாடியில் ஒன்று. ஜூரோங் பள்ளி என்றால் வாரத்தில் நான்கு நாள் அவள் என்னோடு இருப்பாள். செங்காங் என்றால் இப்போது போலச் சனி, ஞாயிறு மட்டும். இது வாதம் இல்லை. நிலவரத்தைச் சொன்னேன்.

இன்னொன்று. பிப்ரவரியில் அந்த எதிர் புளோக் பள்ளியைப் பார்க்கப் போனோமே, "தினமும் யாரு பிள்ளைய கூட்டிட்டு வருவீங்க?" என்று தலைமையாசிரியர் கேட்டபோது நான் உன்னைக் காட்டினேன், நீ என்னைக் காட்டினாய். அங்கே ஆரம்பித்தது மின்தூக்கிக்குள் ஏறி, வீட்டுக்குள் நுழைந்து, எட்டு வருடத்தையும் இழுத்து வெளியே போட்டது. இரண்டு நாளைக்கு என்று இரண்டு சட்டையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். ஏழு மாதமாகிறது. வீட்டுக்குத் திரும்பி வர விரும்புகிறேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் போத்தலைப் பற்றி அவ்வளவு எழுதினேன்.

சரத்


செங்காங்
7 செப்டம்பர், சனி

சரத்துக்கு,

உங்கள் நீலப் போத்தல் கசிகிறது. ரயிலில் யாரோ பையின் மேல் சாய்ந்திருக்க வேண்டும். பொத்தான் தானே அழுந்தி, வீடு வந்து சேர்வதற்குள் பைக்குள் குளம். உங்கள் கடிதம் அந்தக் குளத்தில்தான் வந்தது. போத்தலைப் பற்றிய பகுதிக்கு ஒரு சேதமும் இல்லை. கடைசிப் பத்தி மட்டும் முழுக்கக் கரைந்துவிட்டது. 'பிப்ரவரியில்' என்ற ஒரு சொல் தெரிகிறது. பிப்ரவரி என்றால் சண்டை விஷயம்தான். புதிதாகக் குற்றச்சாட்டு ஏதும் இருந்தால் மறுபடி எழுதுங்கள். பழையதுதான் என்றால் விட்டுவிடுவோம், எனக்கு அது மனப்பாடம்.

பள்ளி தொடங்குவதற்குள் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர் புளோக்கில் கேட்டேன். சப்பாத்தைத் தானே போடுவது: போடுகிறாள், கால் மாற்றி. உணவுப் பெட்டியைத் திறப்பது: திறக்கிறாள், பிறகு உணவைத் தரையில் தேடுகிறோம். கழிப்பறைக்குத் தனியே போய் வருவது: போகிறாள், ஆனால் வெளியே நின்று யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நேற்று நான் சற்று நேரம் பேசவில்லை. "அம்மா, நீ போயிட்டியா?" என்றாள். இல்லை என்றேன். "போனா சொல்லிட்டுப் போ, ஓகே?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பல் தேய்க்கச் சொல்வது போல.

நான் மருந்தகத்தில் வேலையாக இருக்கும்போது அவளைப் பார்த்துக்கொள்ளும் பஞ்சவர்ணம் அக்கா, ஜூரோங் வேண்டாம் என்கிறார். அவர் எட்டாவது மாடியை விட்டு இறங்கினாலே வெளிநாடு போவது போலத்தான், ஆகவே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் ஜூரோங் பள்ளியில் தமிழ் வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள். பிப்ரவரியில் நாம் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழியை, மழை வந்தால் என்னால் உள்ளே இழுக்க முடியவில்லை. ஈரப் போர்வையோடு அது ஓர் ஆள் எடை இருக்கிறது. ஏழு மாதமாகப் போர்வைகளைக் கீழே சலவைக் கடையில் காசு போட்டுத் துவைத்துக் காயவைக்கிறேன். இது புகார் இல்லை. நீங்கள் சொல்வது போல, நிலவரம்.

சுஷ்மிதா


ஜூரோங் வெஸ்ட்
8 செப்டம்பர், ஞாயிறு

அன்புள்ள சுஷ்மிதா,

போத்தலுக்காக வருந்துகிறேன். கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "பட்டனை அமுக்குனா தொறக்கும்னு எழுதியிருக்குல்ல, அது சரியாத்தான் வேலை செய்யுது" என்றார். போத்தலோடு திரும்பி வந்தேன்.

கடைசிப் பத்தியில் முக்கியமாக ஒன்றும் இல்லை. பிப்ரவரியில் பார்த்த பள்ளியில் கைகழுவும் தொட்டி எவ்வளவு உயரம் இருந்தது என்பதைப் பற்றி எழுதியிருந்தேன்.

ஜூரோங் பள்ளி சனிக்கிழமையும் அரை நாள் உண்டு, நேற்றே போய் நேரில் சோதித்தேன். தொட்டி சரியான உயரம். படிக்கட்டில் வழுக்காத பட்டை ஒட்டியிருக்கிறார்கள். தீயணைப்புக் கருவி தேதி தாண்டவில்லை. தமிழ் இல்லை. கேட்டதற்கு அங்கே பொறுப்பில் இருந்த அம்மையார், "தமிழ்ப் பிள்ளைங்க சீன வகுப்புல உக்காந்துக்குவாங்க சார். பரவால்ல, நல்லாவே பாடுறாங்க" என்றார். ஒரு சிறுமி பாடிக் காட்டினாள். உண்மையிலேயே நன்றாகப் பாடினாள்.

இதை வீட்டில் சொன்னேன். "தமிழ நான் சொல்லித் தர மாட்டேனா? பிள்ளைய இங்க கொண்டாந்து விடுங்க தம்பி" என்று அண்ணி சொன்னார். அண்ணன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "டேய், நீ பள்ளி தேடுறியா, வீடு தேடுறியா?" என்றார். தொலைக்காட்சிச் சத்தம் அதிகமாக இருந்ததால் கேள்வி காதில் விழாதது போல இருந்துவிட்டேன்.

லிட்டில் இந்தியாப் பள்ளியை நீ ஒரு தடவை பார்த்து வர முடியுமா? இருவருக்கும் ஒரே தூரம். போர்வை விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருப்பேன்.

சரத்


செங்காங்
5 அக்டோபர், சனி

சரத்துக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். மூன்று வாரமாகப் பையில் கடிதம் இல்லாததைப் பார்த்து நீங்கள் நிலையத்தில் பையையே புரட்டிக்கொண்டிருந்தீர்கள், கவனித்தேன்.

லிட்டில் இந்தியாப் பள்ளிக்குப் போய் வந்தேன். கடைவீட்டின் மாடி, செங்குத்தான படி. கீழே மிளகாய் அரைக்கும் கடை. பத்து மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியதும் வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் ஒன்றாகத் தும்மினார்கள். டீச்சர் பாட்டை நிறுத்தி, தும்மல் முடிந்ததும் விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். தமிழ் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நமக்கு ஒரே தூரம் என்பதும் உண்மை. ஆனால் அவளுக்கு இரண்டு பக்கமும் தூரம். நம் இருவருக்கும் சமமான சிரமம் வேண்டும் என்பதற்காக அவளுக்கு இரண்டு மடங்கு சிரமம் கொடுப்பதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்களாலும் முடியாது என்று தெரியும்.

ஆகவே எதிர் புளோக்கில் பதிந்துவிட்டேன். தமிழ் வகுப்பு மதலேனா டீச்சர். இதன் அர்த்தம் உங்களுக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். பதிந்துவிட்டு வெளியே வந்து அந்தக் கீழ்த்தளத்தில் கல் மேசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். யார் ஜெயித்தார்கள் என்று தெரியும்வரை உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சதுரங்கம் தெரியாது.

அறிமுக நாள் நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. இரண்டு மணி நேரம் பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டுப் பெற்றோர் வெளியே நிற்க வேண்டுமாம். ஒருவர் வந்தால் போதும் என்கிறார்கள். இருவர் வரக்கூடாது என்று சொல்லவில்லை.

அழாமல் விடைபெறுவதற்கு இப்போதிருந்தே பழக்கச் சொன்னார்கள். முதலில் ஐந்து நிமிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும், பிறகு பத்து. பஞ்சவர்ணம் அக்கா வீட்டில் விட்டுப் பார்த்தேன். நான் திரும்பி வந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. கெட்டிக்காரி என்றார் அக்கா.

சுஷ்மிதா


ஜூரோங் வெஸ்ட்
6 அக்டோபர், ஞாயிறு

அன்புள்ள சுஷ்மிதா,

முடிவு சரியானது. எதிர்ப்பு எதுவும் இல்லை என்பதை எழுத்தில் தருகிறேன்.

நவம்பர் 15 காலைப் பணியை மாற்றிக்கொண்டேன். பத்தரைக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். அதுவரை நிற்பேன்.

சப்பாத்து வாங்கியாகிவிட்டது. கயிறு இல்லை, ஒட்டும் பட்டை. இடது சப்பாத்துக்குள் பாதி யானையும் வலது சப்பாத்துக்குள் மீதி யானையும் வரைந்து கொடுத்தேன். சரியாக வைத்தால் யானை முழுசாக வரும். அவள் வேண்டுமென்றே மாற்றி வைத்து, "யானைக்கு ரெண்டு பின்னாடி" என்று அண்ணியிடம் காட்டிச் சிரிக்கிறாள். மற்றபடி முறை வேலை செய்கிறது.

போன திங்கட்கிழமை பட்டறையில் ஒரு சிறு சம்பவம். காலைக் கூட்டத்தில் நாற்பது தொழிலாளர்களுக்கு முன்னால் நின்று, பாதுகாப்புத் தலைக்கவசத்தை எப்படிச் சோதிப்பது என்று விளக்கினேன். முடிந்த பிறகுதான் பார்த்தேன், என் தலைக்கவசத்தின் பட்டையில் மிருதுளாவின் மஞ்சள் கிளிப் மாட்டியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் சொல்லவில்லை. பாதுகாப்பு அதிகாரியின் தலையைப் பற்றிக் கருத்துச் சொல்ல எவருக்கும் தைரியம் இருக்காது. அதை இன்னும் கழற்றவில்லை. நேற்று அவள் கேட்டாள். தொலைந்துவிட்டது என்றேன்.

சரத்


செங்காங்
16 நவம்பர், சனி

சரத்,

நேற்று நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். நீங்கள் கிளம்பிய பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதற்கு முன்னால் நடந்ததைப் பற்றி நாம் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வாசல் ஒரு போர்க்களம். ஒரு பையன் சப்பாத்து அடுக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. அடுக்கோடு சேர்த்தே உள்ளே நகர்த்தினார்கள். இன்னொரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது, அவள் அப்பா நிறுத்தவில்லை. நம் மகள் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள். யானை சரியாக வரும்படி அடுக்கில் வைத்தாள். எழுந்து நம்மைப் பார்த்துக் கையசைத்தாள்.

"அம்மா, நாளைக்குப் பாக்கலாம். அப்பா, சனிக்கிழமை பாக்கலாம்."

மறுநாளே சனிக்கிழமை என்பது அவளுக்குத் தெரியாது, நிலையத்தில் விடைபெறுவது போலவே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நான் நின்றேன். நீங்களும் அதற்குத்தான் நின்றீர்கள். இரண்டு மணி நேரம்தான், அம்மா இங்கேயேதான் இருப்பேன் என்று காலையில் மூன்று தடவை சொல்லியிருந்தேன். சரி சரி என்று தலையாட்டினாள். என்னிடம் சண்டை போட வேண்டாம் என்று ஆட்டியிருக்கிறாள்.

நீங்கள் போன பிறகு மதலேனா டீச்சர் வெளியே வந்தார். "இருவது வருஷமா பாக்குறேன், இப்படி ஒரு பிள்ளைய பாத்ததில்லம்மா. துளி அழல. எப்படிப் பழக்கினீங்க?" என்றார். நான், "தானா பழகிடுச்சு டீச்சர்" என்றேன். "தானா எப்படிம்மா பழகும்? சும்மா சொல்லாதீங்க லா" என்று சிரித்தார். பிப்ரவரியில் பெற்றோர் கூட்டம் இருக்கிறதாம். பிள்ளையைப் பிரிவுக்குத் தயார் செய்வது எப்படி என்று நீங்களும் நானும் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். சுற்றி நின்ற பெற்றோர் எல்லோரும் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். சப்பாத்து அடுக்குப் பையனின் அம்மா என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

என்ன பேசலாம் என்று நீங்கள் எழுதி அனுப்புங்கள். நடைமுறை எழுதுவது உங்கள் தொழில்.

சுஷ்மிதா


ஜூரோங் வெஸ்ட்
17 நவம்பர், ஞாயிறு

அன்புள்ள சுஷ்மிதா,

கேட்டபடி எழுதத் தொடங்கினேன்.

பிள்ளையைப் பிரிவுக்குத் தயார் செய்யும் நடைமுறை. முதலாவதாக, சனிக்கிழமை காலை பிள்ளையை லிட்டில் இந்தியா நிலையத்துக்கு அழைத்து வந்து, காய்கறிக் கடைகள் இருக்கும் பக்கத்து வாசலில் மற்றப் பெற்றோரிடம் ஒப்படைக்கவும். அடுத்ததாக, ஒப்படைக்கும்போது பெற்றோர் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பையை மட்டும் பார்க்கவும். மாற்றுச் சட்டை இருக்கிறதா, இருமல் மருந்து இருக்கிறதா என்று மட்டும் பேசவும். ஞாயிறு மாலை இதையே திருப்பிச் செய்யவும். பிள்ளை முதல் சில வாரம் அழும். அழட்டும். பிறகு

இதற்கு மேல் எழுத வரவில்லை.

முதல் சில வாரம் அவள் அழுதாள், நினைவிருக்கிறதா? தீபாவளி விளக்குகளைக் காட்டிச் சமாதானம் செய்தோம் என்று எழுதப் போனேன். அது தீபாவளிக் காலமே இல்லை, மார்ச். எதைக் காட்டிச் சமாதானம் செய்தோம் என்றே ஞாபகம் இல்லை. எப்போது நிறுத்தினாள் என்பதும் ஞாபகம் இல்லை. நிறுத்திய அன்று, அப்பாடா என்று நினைத்திருப்பேன்.

பட்டறையில் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்று உண்டு. வாயுக் கசிவு எச்சரிக்கை மணி மாதக்கணக்கில் அடிக்கவில்லை என்றால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று போய்விடாதே. யாராவது மணியைக் கழற்றி வைத்திருக்கிறார்களா என்று முதலில் ஏணி போட்டுப் பார். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பரில் நனைந்த பத்தி தொட்டியின் உயரத்தைப் பற்றியது அல்ல. வீட்டுக்குத் திரும்பி வர விரும்புகிறேன் என்று எழுதியிருந்தேன். மிருதுளாவுக்காக என்று எழுதினால் உனக்கும் சம்மதிக்க எளிது, எனக்கும் கேட்க எளிது. அவளுக்காகவும்தான். ஆனால் அண்ணன் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு நான் நினைப்பது பெரும்பாலும் உன்னை. நீ ஜன்னலில் பாதி உடம்பு வெளியே தெரிய அந்தக் கழியோடு மல்லுக்கு நிற்பதை நினைத்தால், பயமாகவும் இருக்கிறது, பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது.

சரத்


செங்காங்
23 நவம்பர், சனி

சரத்,

நான் கேட்டேன், நீங்கள் தொட்டி என்றீர்கள். நானும் நம்பினேன். உங்களைத் தெரிந்த யாரும் நம்பத்தான் செய்வார்கள். அதில் பத்து வாரம் போய்விட்டது. இந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். சொல்லிவிட்டேன்.

நானும் யோக்கியம் இல்லை. அந்தக் கரைந்த பத்தியை வெயிலில் காயவைத்து, ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். 'வீட்டுக்கு' என்று ஒரு சொல் இருப்பது போலத் தோன்றியது. இல்லையென்றால் அசிங்கமாகிவிடுமே என்று கேட்கவில்லை.

நாளை மாலை நான் நிலையத்துக்கு வரமாட்டேன். அவளை நீங்களே மேலே கூட்டி வாருங்கள். ஒன்றும் பெரிதாகச் சொல்லாதீர்கள் அவளிடம். நம்ப மாட்டாள்.

தினமும் யார் கூட்டிப் போவது என்பது இன்னும் முடிவாகவில்லை. அதற்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போடலாம். மீன் வாங்கியிருக்கிறேன்.

சுஷ்மிதா


செங்காங்
21 ஜனவரி 2025, செவ்வாய்

சரத்,

பிள்ளை விஷயம் என்றால் எழுத வேண்டும் என்று ஹமீது சொன்னதை இன்னும் ரத்து செய்யவில்லை. அதனால் எழுதிச் சோற்றுப் பானை மேல் வைக்கிறேன். நீங்கள் பட்டறையிலிருந்து வருவதற்குள் நாங்கள் இருவரும் தூங்கியிருப்போம்.

இரண்டரை வாரமாகச் சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தவள், இன்று காலை வாசலில் சப்பாத்தைக் கழற்ற மாட்டேன் என்றாள். "அம்மா போகாத" என்றாள். பிறகு, "அப்பா வேணும், வீட்டுக்குப் போலாம்" என்றாள். பிறகு வார்த்தை இல்லை, அழுகைதான். என் சட்டையைப் பிடித்த பிடியில் ஒரு பொத்தான் அவள் கையோடு போய்விட்டது. மதலேனா டீச்சரும் இன்னொருவரும் சேர்ந்துதான் பிரித்தார்கள். உள்ளே போகும்வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். தெருமுனை வரை சத்தம் கேட்டது.

பத்து மணிக்கு டீச்சர் மருந்தகத்துக்கு அழைத்தார். "முன்னாடி நல்லாத்தானே இருந்தா. வீட்டுல ஏதாச்சும் மாற்றமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாவம், அவருக்கு மிகவும் வருத்தம். பெற்றோர் கூட்டத்தில் பேச வேறு யாரையாவது பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

நான் அரை நாள் விடுப்பு எடுத்துப் போய்க் கூட்டி வந்தேன். அழுகைக்கு நேரம் வேண்டுமாம், நாளையிலிருந்து கால் மணி நேரம் முன்னதாகக் கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கிறார்கள்.

சுஷ்மிதா